இசைத்தட்டு அட்டையில் நான்கு விரல்கள்

நான் வேலை பார்த்த பிரிண்டிங் யூனிட்டில் இப்போது லேஅவுட் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் பிரவீணா சென்ற மாதம் போன் செய்தாள். பழைய படங்களில் இருக்கும் கறை, கிழிசல், மடிப்பு எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்து அழித்துவிடும் மென்பொருள் ஒன்றை வாங்கியிருக்கிறார்களாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் படிக்கக் கொடுக்க, படங்களைச் சுத்தம் செய்த அனுபவத்தைப் பற்றி நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்றாள். இரண்டு பக்கம் இருந்தால் போதுமாம். எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஒரே ஒரு படம்தான் நினைவுக்கு வந்தது. இதை அவர்களுக்குக் கொடுப்பாளா என்று தெரியவில்லை. கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சோமனூர். பள்ளியில் நன்றாகப் படம் வரைவேன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்குக் கிடையாது. என் அண்ணன் சுப்பிரமணி திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருந்தார். அவர்தான் யாரையோ பிடித்து என்னை ஒரு பனியன் கம்பெனியில் சேர்த்துவிட்டார். முதலில் காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்குப் போகும் பனியன்களுக்கு லேபிள் வரைந்தேன். பிறகு அச்சுக்கு ஃபிலிம் வெட்டினேன். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டேன். கடைசியில் ஏற்றுமதிக்கு அச்சடிக்கும் இந்த யூனிட்டில் கலர் செப்பரேஷன் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

டி-ஷர்ட்டில் ஒரு படத்தை அப்படியே அச்சடித்துவிட முடியாது. அதில் எத்தனை நிறம் இருக்கிறதோ அத்தனையாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஃபிலிம், ஒவ்வொரு ஃபிலிமுக்கும் ஒரு ஸ்கிரீன், அதாவது மை இறங்கும் வலைச்சட்டம். துணி மெஷினில் சுற்றிவரும்போது ஒன்றன்மேல் ஒன்றாக எல்லா நிறமும் விழுந்தால்தான் படம் கிடைக்கும். அப்படிப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. பிரிப்பதற்கு முன்னால் படத்தில் இருக்கும் அழுக்கை நீக்குவதும் என் வேலைதான்.

எனக்கு மேலே இருந்தவர் தரப் பிரிவின் தலைவி ஸ்டெல்லா மேடம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவிநாசிப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலைக்குப் போனவர்கள். செக்கிங் டேபிளில் நூல் வெட்டும் பெண்ணாக உள்ளே வந்து, மாலைக் கல்லூரியில் படித்து அந்த நாற்காலிக்கு வந்திருந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அச்சடித்த துணியைக் கொண்டுபோனால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். வெளிச்சம் அவர் தோளுக்கு மேலே துணியில் விழ வேண்டும். முதலில் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு மடித்து, மடிப்பில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்து மை வெடிக்கிறதா என்று பார்ப்பார். தப்பு என்ற வார்த்தையை அவர் சொல்ல மாட்டார். “இது இப்படித்தான் இருக்கோணுங்களா?” என்று கேட்பார். கேட்டால், இருக்கக் கூடாது என்று அர்த்தம்.

ஆனால் என் ஃபிலிம்களை மட்டும் அவர் அப்படிச் சோதித்ததில்லை. எதிரே வைத்தால் நிமிர்ந்து பார்ப்பார். “ஏனுங்கண்ணா, எல்லாம் பாத்தாச்சுங்களா?” என்பார். “பாத்தாச்சுங்க மேடம்” என்பேன். ஒவ்வொரு ஃபிலிமின் ஓரத்திலும் பென்சிலால் தன் முதலெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த யூனிட்டில் வேறு யாருக்கும் கிடைக்காத மரியாதை அது. அதைப் பெறுவதற்கு நான் எட்டு வருடம் உழைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு ஸ்வீடனிலிருந்து ஒரு சின்ன ஆர்டர் வந்தது. யோனாஸ் என்ற ஓர் இளைஞர், மறந்துபோன பழைய இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து மறுபடி வெளியிடுகிற கம்பெனி ஒன்றைத் தன் வீட்டிலிருந்தே நடத்தி வந்தார். ஐம்பது வருடங்களுக்கு முன்னால் அந்த நாட்டில் நெசவு ஆலைகள் இருந்த ஓர் ஊரில், ஆலைத் தொழிலாளிகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார்கள். கிடாரும் டிரம்ஸும் நெஞ்சில் இடிப்பது போல ஒலிக்கும் ஹெவி ராக் இசை. அந்த வகை இசை அப்போதுதான் தொடங்கிய காலம். ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். சில நூறு தட்டுகள்தான் அடித்தார்கள், அதிலும் பாதி விற்கவில்லை. குழு கலைந்துவிட்டது. அந்தத் தட்டை யோனாஸ் புதிதாகக் கொண்டுவரப் போகிறார். தட்டோடு சேர்த்துக் கொடுக்க, அட்டைப் படம் போட்ட டி-ஷர்ட் வேண்டும் என்பதுதான் ஆர்டர்.

மூல ஓவியம் தொலைந்துவிட்டதால் பழைய அட்டை ஒன்றையே கூரியரில் அனுப்பியிருந்தார். ஒரு குடும்பத்தாரிடம் இரவல் வாங்கியது, பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று குறிப்பு இருந்தது. எல்லாக் கறையையும் சேதத்தையும் நீக்கவும் என்றும் எழுதியிருந்தது.

படம் எனக்குப் பிடித்துவிட்டது. கீழே ஆறு. கரையில் ஒரு ஆலை, அதன் புகைபோக்கி. மேலே வானம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய விட்டில் பூச்சி, அதன் இறக்கையின் ஓரங்கள் எரிந்துகொண்டிருந்தன. வரைந்தவர் ஓவியம் படித்தவர் இல்லை என்பது தெரிந்தது. ஆனால் அந்த நெருப்பை அவர் உண்மையாகப் பார்த்திருந்தார்.

அட்டை எங்கள் ஸ்கேனருக்குப் பெரிது. இரண்டு பாதியாக ஸ்கேன் செய்து ஒட்டினேன். பிறகு அட்டையை மேஜையில் வைத்து, லூப் என்று நாங்கள் சொல்லும் சின்னப் பூதக்கண்ணாடியால் ஓர் அங்குலம் விடாமல் பார்த்தேன். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அச்சடித்த படம் எதுவாக இருந்தாலும் லூப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பிறகு கொட்டிய காப்பியோ எண்ணெயோ அந்தப் புள்ளிகளுக்கு மேலே படலமாகப் படிந்திருக்கும், அதற்குத் தனியாகப் புள்ளி இருக்காது. ஆகவே எது படம், எது அழுக்கு என்பதில் சந்தேகம் வந்தால் லூப்பை வைத்தால் போதும், தெரிந்துவிடும்.

கோப்பை வைத்த வட்டம் ஒன்று இருந்தது. பேனாவால் யாரோ எழுதிய பெயர் இருந்தது. ஈரம் பட்டு ஊதிய மூலை, தட்டின் விளிம்பு உராய்ந்து விழுந்த வெள்ளை வளையம் என்று நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றாக நீக்கி, படத்தை நிறம் பிரித்தும் முடித்தேன். கடைசியாகச் சரிபார்த்தபோது வலது பக்கம் கீழே, ஆற்றங்கரையில், பழுப்பு நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு தீற்றல்கள். அதன்மேல் லூப்பை வைத்தேன்.

புள்ளிகள் இருந்தன.

அதாவது அது பிறகு பட்ட கறை அல்ல. படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. இதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை.

எங்கள் மெஷினில் எட்டு ஸ்கிரீன் மாட்டலாம். நடுவில் மையைக் காயவைக்கும் ஃபிளாஷுக்கு ஓர் இடம் போனால் ஏழு. அந்தப் படத்தை நான் சரியாக ஏழு நிறமாகப் பிரித்து முடித்திருந்தேன். அந்தப் பழுப்பு நிறம் படத்தில் வேறெங்கும் இல்லை. அந்த நான்கு தீற்றலுக்காக மட்டும் எட்டாவது நிறம் வேண்டும். அப்படியானால் வேறு இரண்டு நிறங்களைக் கலந்து ஒன்றாக்கி, எல்லா ஃபிலிமையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இரண்டு நாள் வேலை. வரைந்தவர் கை தவறிப் பட்டதாக இருக்கும், கறையை நீக்கத்தானே சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டேன். யோனாஸுக்கு ஒரு வரி மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால், இருக்கட்டும் என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்கவில்லை. பக்கத்திலிருந்த நீலத்தை இழுத்து அந்த இடத்தை மூடினேன்.

ஃபிலிம்களை ஸ்டெல்லா மேடத்திடம் கொண்டுபோனேன். எல்லாம் பார்த்தாச்சா என்று எப்போதும் போலக் கேட்டார். பார்த்தாச்சு என்றேன். முதலெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

மாதிரி டி-ஷர்ட் ஸ்வீடனுக்குப் போய் ஒப்புதல் வந்தது. யோனாஸுக்கு ஒரே சந்தோஷம். என்னுடைய ஃபைல் அவ்வளவு சுத்தமாக இருப்பதால், இசைத்தட்டின் புதிய அட்டைக்கும் அதையே பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்தோம். சில மாதங்கள் கழித்து யூனிட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. புத்தம் புதிய இசைத்தட்டு. உள்ளே இருந்த தாளில், அட்டைப் படத்தைச் சீரமைத்தவர் முருகேசன், திருப்பூர் என்று என் பெயரை அச்சிட்டிருந்தார்கள். முப்பது வருடத்தில் எத்தனையோ லட்சம் துணிகளில் என் வேலை போயிருக்கிறது. எதிலும் என் பெயர் போனதில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டி, மறுநாள் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து மாதிரிகள் வைக்கும் அறையில் மாட்டினேன். அந்த வாரம் முழுக்க ஏதாவது காரணம் வைத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய்வந்தேன்.

அதற்கு அடுத்த மாதம், ஒரு மதிய வேளையில் ஸ்டெல்லா மேடம் என்னைக் கூப்பிட்டார். யோனாஸ் ஒரு கடிதத்தை அனுப்பியிருந்தார். என் பெயருக்கு எழுதப்பட்ட கடிதம். மேடம் ஆங்கிலத்தில் படித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

எழுதியவர் இங்கிரிட் என்ற எண்பது வயது அம்மா. எங்களுக்கு வந்த அட்டை அவருடையது. அதில் நான் அழித்த பேனா எழுத்து அவர் பெயர். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த நில்ஸ் அவருடைய தம்பி. படத்தை வரைந்ததும் அவர்தான். நில்ஸ் ஆலையின் சாயப் பிரிவில் வேலை செய்தவர். ஓவியம் முடிந்த அன்று வேலையிலிருந்து நேராக வந்து, கழுவாத கையின் நான்கு விரலையும் ஓரத்தில் பதித்து, இதுதான் என் கையெழுத்து என்று சொன்னாராம். அட்டையில் வரைந்தவர் பெயரை யாரும் போடவில்லை. அடுத்த ஆண்டு சாயத் தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கியவர் உயிரோடு மேலே வரவில்லை. குழுவின் ஒரே புகைப்படத்தில் அவர் முகம் சரியாக விழவில்லை.

புதிய தட்டு கைக்கு வந்ததும் அந்த மூலையைத்தான் முதலில் பார்த்தேன் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். அங்கே ஆறு மட்டும் இருந்தது. உள்ளே தாளில் உங்கள் பெயரைப் பார்த்தேன். உங்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். அதை நீங்கள் என்னவென்று நினைத்தீர்கள்?

மேடம் படித்து முடித்தபோது எனக்கு என் அண்ணன் கை நினைவுக்கு வந்தது. எனக்குப் பெண் பார்க்கப் போன நாளில், அதற்கு முந்தைய நாள் முழுக்கப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தும் அவர் விரலில் சாயம் போகவில்லை. பெண் வீட்டில் காப்பி கொடுத்தபோது கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, அப்புறம் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அந்தச் சாயத்தில்தான் எனக்குச் சோறு போட்டார், படம் வரைய நோட்டு வாங்கிக் கொடுத்தார். இந்த ஆர்டர் வருவதற்கு இரண்டு வருடம் முன்புதான் நெஞ்சுச் சளியில் கிடந்து இறந்துபோனார். சாயம் பட்ட நான்கு விரல் ஒரு பரப்பில் எப்படிப் பதியும் என்று இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிர்வாகத்தில் விஷயம் சுலபமாக முடிந்துவிட்டது. வாங்குபவர் மாதிரியைப் பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கிறார், நம்மேல் குற்றம் இல்லை, அப்படியே பதில் போட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஸ்டெல்லா மேடம்தான் ஒப்பவில்லை.

“அந்தம்மா அப்ரூவலைப் பத்திக் கேக்கலீங்கண்ணா. உங்களைத்தான் கேக்கறாங்க. நீங்க தமிழ்ல எழுதிக் குடுங்க. நான் மாத்தித் தர்றேன்” என்றார்.

நான்கு நாள் எழுதினேன். முதலில் எழுதியதில், கறை என்று நினைத்துவிட்டேன், மன்னிக்கவும் என்று மட்டும் இருந்தது. அது பொய் என்பதால் கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் என் அண்ணனைப் பற்றி எழுதினேன். படித்துப் பார்த்தபோது பரிதாபத்துக்குக் கை நீட்டுவது போல இருந்தது. அதையும் கிழித்தேன். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். லூப்பில் பார்த்தேன், புள்ளிகள் இருந்தன, படத்தைச் சேர்ந்தது என்று தெரியும், எட்டாவது நிறம் வைக்கச் சோம்பல்பட்டு அழித்தேன், யாரிடமும் கேட்கவில்லை, கேட்டவரிடமும் எல்லாம் பார்த்தாச்சு என்று சொல்லிவிட்டேன்.

தாளை மேடத்திடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு வரி படிப்பார், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார். பிறகு அடுத்த வரி. அந்தக் கடைசி வரிக்கு வரப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். வந்ததும் விரல்கள் நின்றன. கேட்டவர் யார் என்று அதில் நான் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஃபேன் காற்றில் தாள் படபடத்தது. ஸ்டேப்ளரை எடுத்து அதன்மேல் வைத்தார்.

“இதையும் அப்படியே எழுதட்டுங்களா?” என்றார்.

“எழுதுங்க மேடம்.”

எழுதினார். அனுப்பினார். மேலே யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வேறொரு ஆர்டருக்கு ஃபிலிம் கொண்டுபோனேன். மேடம் இழுப்பறையிலிருந்து புதிய லூப் ஒன்றை எடுத்து, என் ஃபிலிமை விளக்குப் பலகையில் வைத்து மூலைக்கு மூலை பார்க்கத் தொடங்கினார். கால்மணி நேரம் ஆனது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, என் ஃபிலிம் ஒவ்வொன்றையும் அவரே பார்த்துவிட்டுத்தான் முதலெழுத்துப் போட்டார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அண்ணா என்றுதான் கூப்பிட்டார். என் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து காலையிலிருந்து மாலைவரை இருந்தார். ஆனால் எல்லாம் பாத்தாச்சுங்களா என்ற அந்த ஒற்றைக் கேள்வியை என்னிடம் மறுபடி கேட்கவில்லை.

இங்கிரிட் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. நான்கே வரி. எங்கள் ஊரில் நில்ஸ் நடன அரங்குக்குப் போனால், அவன் எழுந்த பிறகு நாற்காலியைத் துடைப்பார்கள். நீங்கள் செய்ததும் அதுதான். உண்மையை எழுதினீர்கள், அதனால் நானும் உண்மையை எழுதுகிறேன். மறுபடி எழுத வேண்டாம்.

நான் மறுபடி எழுதவில்லை. யோனாஸுக்கு மட்டும், பழைய ஸ்கேனை எடுத்து, வேறு இரண்டு நிறங்களை ஒன்றாக்கி, அந்த நான்கு விரலையும் சேர்த்துப் புதிய ஃபைல் ஒன்றைச் செய்து அனுப்பினேன். அதற்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை, ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பில் கட்டாயம் போடுவதாக யோனாஸ் சொன்னார். தட்டு மெதுவாகத்தான் விற்றது. அடுத்த பதிப்பு வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, அந்த அம்மா இறந்துவிட்டதாக மேடத்துக்கு மெயில் வந்தது. அவரிடமிருந்த பழைய அட்டை யாரிடம் போனது என்று யோனாஸுக்கும் தெரியவில்லை. உலகத்தில் இன்று அந்தத் தட்டை வாங்கி வைத்திருப்பவர்கள் பார்ப்பது நான் துடைத்த ஆற்றைத்தான்.

ஓய்வு பெற்ற அன்று யூனிட்டில் சால்வை போட்டு, கடிகாரம் கொடுத்தார்கள். எல்லோரும் போன பிறகு ஸ்டெல்லா மேடம் மாதிரி அறையில் இருந்த அந்த இசைத்தட்டைக் கழற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். “இது உங்ககிட்ட இருக்கட்டுங்கண்ணா” என்றார். வாங்கிக்கொண்டேன்.

ஒரு வருடம் அது அலமாரியில் துணிகளுக்கு நடுவே கிடந்தது. என்னிடம் அதைக் கேட்கும் கருவி கிடையாது. யூனிட்டில் யாரும் அதைக் கேட்டதும் இல்லை. அட்டையை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தோமே தவிர, உள்ளே பாட்டு இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. சோமனூரில் மைக் செட் கடை வைத்திருக்கும் துரைசாமி பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றைப் பழுது பார்த்து வைத்திருப்பதாகத் தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போனேன்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பெரிய ஸ்பீக்கரிலேயே போட்டார். எனக்கு அந்த இசை பழக்கமில்லை. கிடார் மெஷின் போல அறுத்தது. பாடியவர் என்ன மொழியில் கத்தினார் என்றே பிடிபடவில்லை. ஆனால் டிரம்ஸ் பிடிபட்டது. விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவனுக்கு அந்த அடி பிடிபடாமல் இருக்காது. பாட்டு முடியும்போதெல்லாம் சுத்தமான நிசப்தம். பழைய தட்டின் கரகரப்பு எதுவும் இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒலியில் இருந்த அழுக்கை எல்லாம் நீக்கியிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

இரண்டாவது பக்கத்தில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஓர் ஆள் இருமினார். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு, யாருக்கோ ஏதோ பதில். குச்சியோடு குச்சி தட்டிக்கொண்டு நான்கு வரை எண்ணினார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் எண்ணுவது எந்த மொழியிலும் தெரிந்துவிடுகிறது. அப்படி எண்ணிக் கொடுப்பவர் டிரம்ஸ் வாசிப்பவர்தான் என்று துரைசாமி சொன்னார். அப்படியானால் அது நில்ஸ்.

“இது பாட்டோட சேந்ததுங்களா, இல்ல தெரியாம பதிஞ்சிருச்சுங்களா? இதை வெட்டி எடுத்திருக்கலாம்ல?” என்று கேட்டார்.

வெட்டியிருக்கலாம். ஒரு பொத்தானைத் தட்டினால் போயிருக்கும். அங்கே ஒலியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்திருந்தவர் யாரோ, அதைக் கேட்டு, அது என்னவென்று விசாரித்திருக்கிறார், அல்லது விசாரிக்காமலே விட்டுவைத்திருக்கிறார்.

நான் துரைசாமியிடம் ஊசியை எடுத்து மறுபடி அந்த இடத்தில் வைக்கச் சொன்னேன்.